பனி முடியும் நாளில் ஒரு தீபம்

தை மாதத்தின் பின்பகுதியில், தென்காசியில் விடியுமுன் எழுந்து வாசலுக்கு வருவோர் பருவத்தின் ஒரு மெல்லிய மாற்றத்தை உணர்வர். பனி இன்னும் விழுந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் அதன் கடுமை குறைந்திருக்கும். வடகிழக்குப் பருவமழையில் ஆர்ப்பரித்த குற்றாலத்துப் பேரருவி மெலிந்து பாறையோடு ஒட்டி இறங்கும். சிற்றாற்றுப் பாசனத்து வயல்களில் பிசான நெல் கதிர் முற்றி அரிவாளுக்குக் காத்திருக்கும். நம் முன்னோர் ஆறாகப் பகுத்த பெரும்பொழுதுகளில் முன்பனி முடிந்து பின்பனி தொடங்கவிருக்கும் நாட்கள் அவை.

அந்த நாட்களில்தான், பிப்ரவரி 2 அன்று, நாம் கையில் மெழுகுதிரி ஏந்தி ஆலயத்திற்குள் பவனியாகச் செல்கிறோம். ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக அர்ப்பணித்த விழா என்று இன்று அழைக்கிறோம். நம் பாட்டிமாருக்கு அது தேவமாதாவின் சுத்திகரத் திருநாள். எளிய பேச்சில் மெழுகுதிரித் திருநாள். அன்று மந்திரித்த திரியை என் பாட்டி ஒரு வெள்ளைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருப்பார். இடி இடிக்கும் இரவுகளிலும், வீட்டில் ஒருவர் இறுதி மூச்சு விடும் வேளையிலும் மட்டுமே அது வெளியே வரும்.

சில ஆண்டுகளுக்கு முன், அந்தத் திருநாள் திருப்பலி முடிந்து படியிறங்கும்போது, கல்லூரியில் பயிலும் உறவினர் மகன் ஒருவன் என்னிடம் கேட்டான்: "மாமா, இந்த விழாவே கெல்டிக் மக்களின் புறச்சமயப் பண்டிகையிலிருந்து திருச்சபை எடுத்துக்கொண்டதாமே? அப்படியென்றால் நாம் ஏந்தியது யாருடைய விளக்கு?" அவன் ஏளனமாகக் கேட்கவில்லை. கேள்வி அவனை உண்மையிலேயே வருத்தியிருந்தது. அன்று என்னால் நிறைவாக விடை கூற இயலவில்லை. பின்னர் படித்தும் சிந்தித்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

பண்டைய அயர்லாந்து மக்கள் ஆண்டை நான்கு விழாக்களால் பகுத்தனர். நவம்பர் தொடக்கத்தில் சவின், பிப்ரவரி தொடக்கத்தில் இம்போல்க், மே மாதத் தொடக்கத்தில் பெல்தானே, ஆகஸ்டுத் தொடக்கத்தில் லூனசா. இவற்றுள் இம்போல்க் குளிர்காலத்தின் முடிவைக் குறித்தது. 908-இல் போரில் மாண்ட கோர்மக் என்ற ஆயரும் அரசருமானவரின் பெயரால் வழங்கும் பழைய சொற்பொருள் நூல், இச்சொல்லை ஆட்டுப் பாலோடு தொடர்புபடுத்துகிறது. சினையுற்ற ஆடுகளுக்கு மடியில் பால் ஊறத் தொடங்கும் காலம் அது. குளிரில் சேமிப்பு தீர்ந்துபோன ஏழைக் குடியானவனின் வீட்டில் மீண்டும் பால் காண்பது எவ்வளவு பெரிய செய்தி என்பதை, பஞ்ச காலத்தையும் அறுவடைக் காலத்தையும் அறிந்த நம் மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்த விழாவில் என்னென்ன சடங்குகள் நடந்தன என்பதைப் புறச்சமயக் காலத்தவர் எவரும் எழுதி வைக்கவில்லை. நம் கைக்குக் கிடைக்கும் குறிப்புகள் யாவும் கிறிஸ்தவத் துறவிகளின் எழுத்தறைகளில் பிறந்தவை. இன்று மேலை நாடுகளில் இயற்கை வழிபாட்டை விரும்புவோர் பிப்ரவரி முதல் நாளில் தீபமேற்றி இம்போல்க் கொண்டாடுகின்றனர். இருபதாம் நூற்றாண்டில் புதிதாக வடிவம் பெற்ற கொண்டாட்டம் அது. அவர்களுடைய பக்தியைக் குறை கூறுவது நம் வேலையன்று. ஆயினும், அதைப் பார்த்து இரண்டாயிரம் ஆண்டு முற்பட்ட வழிபாடு இப்படியே இருந்தது என்று முடிவு செய்வது வரலாறாகாது.

இம்போல்க் நாளே அயர்லாந்துத் திருச்சபைக்குப் புனித பிரிஜித்தின் திருநாள். பதினைந்து செபங்களால் நம் இல்லங்களில் பெயர் பெற்ற சுவீடன் நாட்டுப் பிரிஜித்தம்மாள் வேறு, இவர் வேறு. ஐந்தாம் நூற்றாண்டின் நடுவில் பிறந்து ஆறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இறந்தவர் என்பது மரபு. கில்டேர் என்ற இடத்தில் இவர் துறவு மடம் நிறுவினார். கருவாலி மரத்துக் கோவில் என்பது அவ்வூர்ப் பெயரின் பொருள். ஏழாம் நூற்றாண்டில் கொஜிதோசுஸ் என்ற துறவி இவருடைய வரலாற்றை எழுதினார். அதில் வரும் பிரிஜித் பசித்தவருக்கு வெண்ணெயையும் பாலையும் வாரி வழங்குபவர்; கொடுக்கக் கொடுக்க அவருடைய கலயம் குறைவதில்லை.

சிக்கல் இங்குதான் எழுகிறது. கோர்மக்கின் அதே நூல், புலவர்கள் வணங்கிய பிரிஜித் என்ற பெண் தெய்வத்தையும் குறிப்பிடுகிறது. ஒரே பெயர். பால் ஊறும் பருவத்தின் திருநாளும், பால் வழங்கும் புனிதையின் திருநாளும் ஒன்றே. ஆகவே தெய்வத்தின் கதைகள் புனிதைமேல் படிந்தன என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். துறவு மடத்தை நிறுவிய பெண் ஒருவர் உண்மையிலேயே வாழ்ந்தார் என்றும், மக்கள் தங்கள் பழைய அன்பை அவர்மேல் சொரிந்தனர் என்றும் கொள்வோரும் உளர். இரண்டில் எது சரியாயினும், அயர்லாந்தின் எளிய மக்கள் தங்கள் பருவ விழாவைத் தூக்கி எறியாமல் கையோடு கொண்டு திருமுழுக்குத் தொட்டியண்டை வந்தனர் என்பது தெளிவு.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் அங்குச் சென்ற வேல்ஸ் நாட்டு ஜெரால்ட் என்ற குரு, கில்டேரில் அணையாத் தீ ஒன்று எரிந்ததாக எழுதுகிறார். பத்தொன்பது கன்னியர் இரவுக்கு ஒருவராக அதைக் காத்தனர். இருபதாம் இரவு பிரிஜித்தே காப்பதாக அவர்கள் நம்பினர். 1220-இல் டப்ளின் பேராயர் அத்தீயை அணைக்கச் செய்தார் என்றும் அது பின்னர் மீண்டும் ஏற்றப்பட்டது என்றும் கூறுவர். பதினாறாம் நூற்றாண்டில் துறவு மடங்கள் கலைக்கப்பட்டபோது அது முற்றிலும் அணைந்தது. 1993-இல் பிரிஜித் சபைக் கன்னியர் கில்டேரில் அதை மறுபடியும் ஏற்றினர். 2023 முதல் அயர்லாந்து அரசு இப்புனிதையின் பெயரால் பொது விடுமுறை வழங்குகிறது.

அயர்லாந்து மக்கள் அந்நாளுக்கு முந்திய மாலையில் கோரையைப் போன்ற நீர்ப்புல்லால் சிலுவை முடைந்து கூரையில் செருகுகின்றனர். இறந்துகொண்டிருந்த புறச்சமயத் தலைவன் ஒருவனின் படுக்கையருகே அமர்ந்த பிரிஜித், தரையில் பரப்பியிருந்த புல்லை எடுத்து இப்படிச் சிலுவை முடைந்து இயேசுவை அறிவித்தார் என்பது அவர்களது வாய்மொழிக் கதை. பத்தமடைக் கோரைப்பாயையும், குருத்து ஞாயிறன்று ஓலையில் சிலுவை முடைந்து வீட்டில் செருகும் பழக்கத்தையும் அறிந்த நமக்கு அக்காட்சி அந்நியமானதன்று.

இனி, மறுநாள் வரும் நம் மெழுகுதிரித் திருநாளைப் பார்ப்போம். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் புனித நாட்டிற்குத் திருப்பயணம் சென்ற எஜேரியா என்ற பெண்மணி, எருசலேமில் இவ்விழா பெருஞ்சிறப்பாகக் கொண்டாடப்பட்டதைக் குறித்து வைத்துள்ளார். அங்கு அது பிப்ரவரி 14-இல் வந்தது. ஏனெனில் ஆண்டவருடைய பிறப்பு சனவரி 6-இல் கொண்டாடப்பட்டது. அதிலிருந்து நாற்பது நாள். பிறப்பு விழா டிசம்பர் 25-க்கு வந்தபோது நாற்பதாம் நாள் பிப்ரவரி 2 ஆயிற்று. மோசேயின் சட்டப்படி தாய் தூய்மைச் சடங்கிற்கு வரும் காலக் கணக்கு இது. லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம் கூறுவது. உரோமையில் இந்நாளின் பவனியைத் திருத்தந்தை முதலாம் செர்ஜியுஸ் (687-701) ஒழுங்குபடுத்தினார். கெல்டிக் மக்களின் விழாவுக்கும் இந்தக் கணக்குக்கும் தொடர்பில்லை. பருவம் ஒன்றாயிருந்ததால் இரண்டும் அயர்லாந்தில் அடுத்தடுத்து அமர்ந்தன.

ஆக, அந்த இளைஞனுக்கான முதல் விடை இது: நாம் ஏந்திய விளக்கு எருசலேமிலிருந்து வந்தது. ஆனால் அவனுடைய கேள்வி அத்துடன் முடிவதில்லை. பிரிஜித் திருநாளில் புறச்சமயத்தின் வாசனை இருந்தால் அது குற்றமா என்பதே அக்கேள்வியின் உள்ளே இருக்கும் கேள்வி. அது நம் வாசலிலும் நிற்கிறது.

601-இல் திருத்தந்தை பெரிய கிரகோரியார் இங்கிலாந்திற்குச் சென்ற மறைபரப்பாளருக்கு ஒரு மடல் எழுதினார். சிலைகளை அகற்றுங்கள், கோயில்களை இடிக்காமல் தீர்த்தம் தெளித்து ஆண்டவருக்கு அர்ப்பணியுங்கள் என்பது அதன் கருத்து. ஆயிரம் ஆண்டுக்குப்பின், 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி அதே வழியில் நடந்தார். புதுக் கிறிஸ்தவர் பொங்கலைக் கைவிட வேண்டாம். சிலுவையடியில் பொங்கலிட்டு இறைவனுக்கு நன்றி கூறட்டும் என்று அவர் ஏற்பாடு செய்ததாக அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். குடுமி, பூணூல், சந்தனம், நீராடல் முதலியவற்றை மூடநம்பிக்கை கலவாமல் மேற்கொள்ளலாம் எனத் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் ஆணை வழங்கியது 1623 சனவரி 31-இல். பிரிஜித் திருநாளுக்கு முந்திய நாள்.

அந்தக் கதவு திறந்தே இருக்கவில்லை. 1703-இல் புதுச்சேரிக்கு வந்த உரோமைத் தூதர் தூர்னோன் 1704-இல் பல வழக்கங்களைத் தடைசெய்தார். நீண்ட வழக்குக்குப்பின் 1744-இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் தடைகளை உறுதிப்படுத்தினார். அயர்லாந்து மக்களுக்கு ஓசையின்றி நிகழ்ந்தது, நமக்கு வழக்காகவும் தீர்ப்பாகவும் வந்தது. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டை வெளியிட்டபோது, மூடநம்பிக்கையோடு பிரிக்க முடியாதபடி பிணையாத எதையும் திருச்சபை பரிவோடு மதிக்கும் என்று அறிவித்தது. என் பாட்டி கொல்லைப்புறத்தில், பிறர் கண்ணில் படாமல் பொங்கல் வைத்தவர். என் பிள்ளைகள் ஆலய முற்றத்தில் பொங்கல் வைக்கின்றனர். பானையும் அரிசியும் மாறவில்லை. அச்சம் மட்டும் நீங்கியது.

இந்த இரு நாடுகளின் கதையை இணைக்கும் நூல் ஒன்றும் உண்டு. அயர்லாந்தின் தல்லோ என்ற ஊரில் ஆயர் டேனியல் டிலேனி 1807 பிப்ரவரி முதல் நாளில் பிரிஜித் பெயரால் கன்னியர் சபையையும், 1808 பிப்ரவரி 2-இல் பத்ரீசியார் பெயரால் சகோதரர் சபையையும் தொடங்கினார். ஏழைச் சிறுவர் சிறுமியருக்குக் கல்வி கொடுப்பதே நோக்கம். பத்ரீசியார் சபைச் சகோதரர் 1875-இல் சென்னைக்கு வந்து கல்விப் பணி தொடங்கினர். பனி முடியும் நாளில் அங்கே ஏற்றப்பட்ட விளக்கு தமிழ்ப் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தின்மீதும் ஒளி வீசியது.

பிப்ரவரி முதல் நாள் பிரிஜித்; 2-இல் மெழுகுதிரி; 3-இல் இரு திரிகளைச் சிலுவையாக வைத்துத் தொண்டையை மந்திரிக்கும் புனித பிளாசியார்; 4-இல், 1693-இல் ஓரியூரில் இரத்தம் சிந்திய நம் அருளானந்தர். இந்நான்கு நாட்களையும் சேர்த்துப் பார்க்கையில் எனக்கு ஒன்று விளங்குகிறது. விழா யாரிடமிருந்து வந்தது என்று ஆராய்வது நல்லதே. பொய்யான பெருமையும் பொய்யான கூச்சமும் அதனால் நீங்கும். ஆனால் அவ்விழாவில் யாருக்கு நன்றி கூறுகிறோம், அதன்பின் யாருக்கு நம் கலயத்திலிருந்து கொடுக்கிறோம் என்பதே நம்மைக் கிறிஸ்தவராக்குகிறது.

என் பாட்டியின் இறுதி இரவில் அந்தத் துணிப் பொதியை அவிழ்த்துத் திரியை ஏற்றினோம். பாதி எரிந்த பழைய திரி அது. அவர் கண்கள் அதன்மேல் நிலைத்திருந்தன. ஆண்டவரைக் கண்ணாரக் கண்டபின் அமைதியாய் விடைபெற்ற முதியவர் சிமியோனை அப்போது நினைத்தேன். யாருடைய விளக்கு என்று அவ்விளைஞன் மீண்டும் கேட்டால், அந்தத் திரியின் மிச்சத்தை அவன் கையில் கொடுப்பேன். அது இன்னும் என்னிடம் இருக்கிறது.