திரையில் வந்த பசு

பசு சினையாக இருக்கிறதா என்று கால்நடை மருத்துவர் சோதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீண்ட கையுறை அணிந்து, ஆசனவாய் வழியே கையைச் செலுத்தி, குடற்சுவருக்கு அப்பால் இருக்கும் கருப்பையைத் தடவி அறிகிறார். இதை மாணவனுக்கு எப்படிக் கற்பிப்பது? ஆசிரியர் அருகில் நின்றாலும், உள்ளே மாணவனின் விரல் எதைத் தொடுகிறது என்று அவருக்குத் தெரியாதே! 2020இல் கொரோனாவால் கல்லூரிகள் மூடப்பட்டு, பாடங்கள் இணையவழிக்கு மாறியபோது இச்சிக்கல் முற்றியது. ஆனால் அது பழைய சிக்கல்தான்.

பிரான்சின் லியோன் நகரில் குதிரையேற்றப் பள்ளி நடத்திய குளோத் பூர்ழெலா, 1761இல் அரசாணை பெற்று, முதல் கால்நடை மருத்துவப் பள்ளியை நிறுவினார். வெக்கை நோய் மாடுகளை மந்தை மந்தையாக அழித்துவந்த காலம் அது. (அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்ததென 2011இல் அறிவிக்கப்பட்டது.) இறந்த விலங்கை அறுத்துப் பார்ப்பதே அன்று முக்கியப் பாடம். உடலோ விரைவில் அழுகிவிடும்.

இதற்கு மாற்று கண்டவர் லூயி ஓசூ என்னும் பிரெஞ்சு மருத்துவர். மனித உடலின் மாதிரிகளைக் காகிதக் கூழால் செய்துவந்த அவர், 1840களில் முழுக் குதிரையையே செய்தார். தசை, குடல், இதயம் என ஒவ்வொன்றாகக் கழற்றலாம்; திரும்பப் பொருத்தலாம். உறுப்புகளில் எண்கள் ஒட்டியிருக்கும். இம்மாதிரிகள் கடல் கடந்தும் சென்றன. எனினும் காகிதக் குடல் நெகிழாது, வெதுவெதுப்பாக இராது.

தொடுவுணர்வையே பாடமாக்கியவர் சாரா பெய்லி. 2000களின் தொடக்கத்தில், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில், பசுவின் பின்பாதி உருவத்துக்குள் ஒரு கருவியை வைத்தார். மாணவன் விரல் நுனியை அதன் உறையில் நுழைத்து அசைக்கிறான். கணினியிலுள்ள கருப்பையில் விரல் 'பட்டால்', மோட்டார்கள் விரலைத் திருப்பித் தள்ளும். ஆசிரியர் திரையில் பார்த்து, "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்" என்கிறார்! இதில் பயின்றவர்கள், பின்னர் உண்மைப் பசுவில் கருப்பையைக் கண்டுபிடிப்பதில் மற்றவர்களை விஞ்சினர்.

இயற்பியல் ஆசிரியனான எனக்கு இதில் தனி மகிழ்ச்சி. எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு எதிர்விசை. நம் ஹூக் விதிதான்! 2020இல் அவ்விதியை நான் கைப்பேசி வழியே நடத்தினேன். மாணவர்கள் அளவுகளை எழுதிக்கொண்டார்கள். ஒருவர்கூடச் சுருள்வில்லை இழுத்துப் பார்க்கவில்லை.

தொடுவுணர்வையும் இணையத்தில் அனுப்பினால் என்ன என்று கேட்பீர்கள். திரைப்படத்துக்கு நொடிக்கு 24 படங்கள் போதும். விரலை ஏமாற்றவோ விசையை நொடிக்குச் சுமார் 1000 முறை திருத்த வேண்டும். வழியில் சிறிது தாமதம் நேர்ந்தாலும் கருப்பையின் சுவர் விரலடியில் அதிரத் தொடங்கிவிடும்.