ஞானியின் மௌனம்

நம் வசமுள்ளது எது, நம் வசமல்லாதது எது எனப் பிரித்தறிந்து, பின்னதைக் கலங்காது தாங்குவதே நல்வாழ்வு என்று உரோமாபுரியின் ஸ்தோயிக்க ஞானிகள் போதித்தனர். அடிமையாய் வாழ்ந்து விடுதலை பெற்ற எபிக்ரீற்றஸுக்கு அப்போதனை ஆண்டையாற் பறிக்கவியலாத உடைமையாயிற்று. செல்வத்தில் திளைத்த செனெக்காவுக்கு?

கி.பி. 61இல் உரோமாபுரியின் நகராதிபதியை அவனுடைய அடிமையொருவன் கொன்றான். பழைய வழக்கின்படி அவ்வீட்டு அடிமைகள் 400 பேரும் மடியவேண்டும். குற்றமற்றோரைக் காக்கப் பொதுமக்கள் திரண்டெழுந்தனர். செனற் சபையோ தண்டனையையே வற்புறுத்தியது. நீரோ மன்னன் வழிநெடுகப் படைவீரரை நிறுத்தி அதனை நிறைவேற்றினான்.

அப்போது நீரோவின் ஆலோசகராயிருந்தவர் செனெக்கா. அவர் ஒரு சொல்லேனும் மறுத்துரைத்ததாக வரலாற்றாசிரியர் தசிற்றஸ் குறிப்பிடவில்லை. சில ஆண்டுகளின் பின், அடிமைகளும் மனிதரே, அவர்களை அன்புடன் நடத்துக என்று அவர் கடிதம் வரைந்தார். உயர்ந்த கருத்துத்தான், ஆயினும் அடிமைமுறை ஒழியவேண்டுமென அவர் அதிலும் கேட்டாரில்லை.

65இல் நீரோவின் கட்டளைப்படி தம்முயிரை மாய்த்துக்கொண்டபோது செனெக்கா கலங்கவில்லை. அத்துணிவை நாம் மதிக்கின்றோம். மூப்பையும் சாவையும் எதிர்கொள்ள அவரிடம் நாம் கற்கலாம். ஆனால், மனிதர் இயற்றிய கொடுமை மூப்பையும் சாவையும் போன்றதன்று, மனிதரால் மாற்றத்தக்கது. நம் வசமுள்ளது எது என்ற வினாவுக்கு அன்று வீதியில் இறங்கிய பெயரறியா மக்கள் அளித்த விடையையும் நாம் அந்த ஞானிகளின் நூல்களோடு சேர்த்தே படிக்கவேண்டும்.