எழுத்துக்கூட்டிப் படிக்கும் வழக்கு

சரளமாகப் படிப்பவர்கள் தாங்கள் படிக்கக் கற்ற விதத்தை மறந்துபோகிறார்கள். அமெரிக்கப் பள்ளிகள் படிக்கக் கற்றுத்தரும் விதத்தைப் பற்றிப் பெற்றோருக்கு இருக்கும் ஓயாத மனக்குறைக்கு வேர் இந்த மறதியில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. 1783இல் வெளிவந்த நோவா வெப்ஸ்டரின் பாடப்புத்தகம் எழுத்து, அசை, சொல் என்று படிப்படியாக ஏற்றியது. பிள்ளைகள் பொருள் தெரியாமலே அசைகளை ஒப்பித்தார்கள். மாசசூசெட்ஸ் கல்வி வாரியச் செயலாளர் ஹோரேஸ் மான் இதை வெறுத்தார். பிள்ளைக்குப் பழக்கமான சொல்லை முழுதாகக் காட்டுங்கள், எழுத்து பிறகு வரட்டும் என்றார். 1844இல் பாஸ்டன் ஆசிரியர்கள் 31 பேர் அவருக்கு மறுப்பு எழுதி அச்சிட்டார்கள். ஒலியைக் குறிக்கத்தானே எழுத்து, அதை விட்டுவிட்டுச் சொற்களை உருவங்களாக மனத்தில் பதியவைப்பானேன் என்பது அவர்கள் வாதம். இந்தக் கேள்விக்கு நேரான பதில் வந்ததாகத் தெரியவில்லை.

வந்தது ஓர் ஆய்வகச் சோதனை. 1880களில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உளவியலாளர் ஜேம்ஸ் மெக்கீன் கேட்டல் கண்ணின் வேகத்தை அளந்தார். சிறு சொல் ஒன்றை அடையாளம் காண, தனி எழுத்துக்கு ஆவதைவிட அதிக நேரம் ஆகவில்லை. அப்படியானால் சொல்லிலிருந்தே தொடங்கலாம் என்று கல்வியாளர்கள் முடிவு கட்டினார்கள். ஆனால் சோதனையில் உட்கார்ந்தவர்கள் நன்றாகப் படிக்கத் தெரிந்த பெரியவர்கள். ஓடுகிறவனின் காலைப் பார்த்து, தவழும் குழந்தைக்குப் பாடம் எழுதிய கதைதான். 1930 முதல் வகுப்பறைகளை ஆண்ட 'டிக் அண்ட் ஜேன்' வாசிப்புப் பாடநூல்கள் இந்த நம்பிக்கையில் பிறந்தவை: சில சொற்கள், நிறையப் படங்கள், திரும்பத் திரும்ப அதே வாக்கியங்கள். எழுத்தொலிப் பயிற்சி அவற்றில் அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. பிந்தி, தொட்டும் தொடாமலும் வந்தது. 1955இல் எழுத்தாளர் ருடால்ஃப் ஃபிளெஷ் 'ஜானிக்கு ஏன் படிக்கத் தெரியவில்லை' என்று கேட்டு ஒரு புத்தகம் எழுதினார். பெற்றோர் அதை வாங்கிக் குவித்தார்கள், கல்வி இதழ்கள் சீறின. ஃபிளெஷின் குரலில் மிகை உண்டு. பாடநூல் வியாபாரத்தின் மீது அவர் வைத்த குற்றச்சாட்டுகள் சில இடங்களில் எல்லை மீறுகின்றன. பெற்றோரின் புகாரை அறியாமை என்று தள்ளிவிட அதுவே சாக்காகவும் ஆயிற்று.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் இருக்கிறது. ஆங்கிலம் தமிழைப் போல எழுதியபடி ஒலிப்பதில்லை. தோ (though), த்ரூ (through), டஃப் (tough) என்னும் மூன்று சொற்களிலும் அதே நான்கு எழுத்துகள் வரிசையாக வருகின்றன, ஒலியோ மூன்று விதம். ஒப்பித்தலின் சலிப்பும் பொய்யில்லை. இருந்தாலும், விதி மீறும் சொற்களில்கூடப் பெரும்பாலான எழுத்துகள் தம் ஒலியைக் காட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் வாசிப்பு ஆய்வாளர் ஜீன் சால் அலசி 1967இல் ஒரு நூல் வெளியிட்டார். தொடக்கத்திலேயே எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவைக் கற்ற பிள்ளைகள், குறைந்தது மூன்றாம் வகுப்புவரை, மேலாகப் படிக்கிறார்கள் என்று கண்டார். அது மட்டும் போதும் என்று அவர் சொல்லவில்லை.

அதே 1967இல் கல்வியாளர் கென் குட்மன், வாசிப்பு என்பது ஊகிக்கும் விளையாட்டு என்றார். தேர்ந்த வாசகர் சில தடயங்களைக் கொண்டே பொருளைப் பிடித்துவிடுகிறார் என்பது அவர் கருத்து. படத்தைப் பார், முதல் எழுத்தைப் பார், என்ன பொருந்தும் என்று யோசி என வகுப்பறைகள் சொல்லத் தொடங்கின. சூழலை வைத்து ஊகிப்பதை அதிகம் நம்பியிருப்பவர்கள் திணறும் வாசகர்களே என்று உளவியலாளர் கீத் ஸ்டானோவிச் முதலியோர் பிறகு காட்டினார்கள். 1987இல் கலிஃபோர்னியா, எழுத்தொலிப் பயிற்சியைவிடக் கதைகளை முன்வைத்த இலக்கியவழிக் கற்பித்தலைக் கொள்கையாக்கியது. 1994 தேசிய வாசிப்புத் தேர்வில் அதன் நான்காம் வகுப்பு மாநிலங்களின் பட்டியலில் ஏறக்குறைய அடிமட்டத்தில் இருந்தது. நெரிசலான வகுப்புகள், வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகள் என்று வேறு காரணங்களும் உண்டு; பழி முழுவதையும் கொள்கையின் தலையில் கட்டுவது சரியாகாது.

2011இல் நியூ ஜெர்சியில் டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளைகளின் பெற்றோர் தொடங்கிய இயக்கம் மாநிலம் மாநிலமாகப் பரவி, சட்டமன்றங்களின் கதவைத் தட்டியது. மிசிசிப்பி 2013இல் சட்டம் இயற்றி, ஆசிரியர்களுக்கு எழுத்தொலி முறையில் பயிற்சி கொடுத்தது. கடைசி வரிசையில் இருந்த அதன் நான்காம் வகுப்பு 2019இல் தேசியச் சராசரியை எட்டியது. மூன்றாம் வகுப்பில் படிக்கத் தெரியாதவர்களை அங்கேயே நிறுத்திவைப்பதும் அந்தச் சட்டத்தின் ஒரு பகுதி. ஆகவே அந்த உயர்வில் எவ்வளவு கற்பித்தலால் வந்தது, எவ்வளவு நிறுத்திவைத்ததால் வந்தது என்று அங்கே இப்போது வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.