ஊருக்குள்ளேயே கிடந்த தகவல்

டெல்டாக்காரனுக்கு ரெண்டு தண்ணி. மேட்டூர்ல திறந்துவிட்டா வர்ற ஆத்துத் தண்ணி ஒண்ணு, நம்ம கொல்லையில இருக்கிற போர் தண்ணி ஒண்ணு. ஜூன் 12-ல் அணை திறக்கணும்ங்கிறது கணக்கு. திறக்காத வருஷம் எத்தனையோ. அந்த வருஷத்துல போர் வச்சிருக்கிறவன்தான் குறுவை நடுவான்.

இன்னைக்கு நம்ம செல்போன்ல வர்ற தகவல் அத்தனையும் ஆத்துத் தண்ணி. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடிச்சப்போ பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னையோட சேர்ந்து கரண்டும் டவரும் போச்சு. விழுந்த மரத்துக்கு என்ன நிவாரணம், எங்க மனு கொடுக்கணும்னு கேக்கக்கூட வழியில்ல.

தகவலுக்குன்னு ஊர்லயே ஒரு போர் போட்ட கதை நம்ம பக்கத்துல உண்டு. 1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரியைச் சுத்தின கிராமங்கள்ல அதைத் தொடங்கிச்சு. கனடாவோட ஐ.டி.ஆர்.சி. பண உதவி பண்ணிச்சு. (சுவாமிநாதன் நம்ம கும்பகோணத்துக்காரர். பசுமைப் புரட்சி விஷயத்துல அவரோட எனக்குச் சண்டை உண்டு. அதை இன்னொரு நாள் எழுதுறேன்.)

வில்லியனூர்ல ஒரு நடு மையம். டெலிபோன் லைன் வழியா இன்டர்நெட் அங்கதான் வரும். எம்பலம், வீராம்பட்டினம் மாதிரி ஊர்களுக்கு அங்கிருந்து வயர்லெஸ் ரேடியோ மூலமா தகவல் போகும். கரண்டு நிக்கிற ஊர்னு சோலாரும் வச்சாங்க. மையத்துக்கான இடத்தை ஊர்க்காரங்கதான் கொடுக்கணும். எம்பலத்துல கோயில் இடத்தையே கொடுத்தாங்க. எந்தச் சாதிக்காரர் வந்தாலும் உள்ள விடணும்ங்கிறது நிபந்தனை. அந்தக் காலத்துல இதைச் சொல்லிக் கேக்க வைக்கிறது லேசு இல்ல.

கம்ப்யூட்டர்ல என்ன இருந்துச்சுன்னு பாருங்க. உரம், விதை விலை, நெல் விலை, அரசுத் திட்டங்கள், எந்த ஆஸ்பத்திரியில எந்த டாக்டர், பஸ் நேரம். எல்லாம் தமிழ்ல. 'நம்ம ஊரு சேதி'ன்னு ஒரு பத்திரிகையும் போட்டாங்க. வீராம்பட்டினம் மீனவங்களுக்கு அமெரிக்கக் கடற்படையோட இணையப் பக்கத்துல இருந்து அலை உயரக் கணக்கை வில்லியனூர்ல இறக்கி, தமிழ்ல பேசிப் பதிஞ்சு அனுப்புவாங்க. அங்க ஒலிபெருக்கியில ஊரே கேக்கும். படிக்கத் தெரியாதவங்களுக்கும் அது போய்ச் சேந்துச்சு.

2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தப்போ நல்லவாடு கிராமத்துக்கு அந்த ஒலிபெருக்கிதான் கைகொடுத்துச்சு. சிங்கப்பூர்ல இருந்த ஊர்க்காரர் ஒருத்தர் போன்ல எச்சரிக்கை சொன்னார். மையத்து மைக்குல அறிவிச்சதும் சனங்க கரையை விட்டு ஓடிட்டாங்க.

அதே வருஷம் அக்டோபர் 18-ல் இஸ்ரோவும் அந்த நிறுவனமும் சேந்து அமைச்ச கிராம வள மையங்களைப் பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கி வச்சார். திருவையாறு, தங்கச்சிமடம், செம்பட்டி. நம்ம தஞ்சாவூர் ஜில்லாவுல இருந்து செயற்கைக்கோள் வழியா டாக்டரோடயும் விவசாய விஞ்ஞானியோடயும் அப்ப நேர்ல பேச முடிஞ்சுச்சு. பெரிய விஷயம்தான். ஆனா என் கணக்குல இது மறுபடியும் ஆத்துத் தண்ணி.

அப்புறம் செல்போன் வந்துச்சு. தகவல் தேடி மையத்துக்குப் போற வேலை குறைஞ்சு போச்சு.

பழைய யோசனை இப்ப வேற உருவத்துல திரும்பியிருக்கு. 2007-ல் வந்த கிவிக்ஸ்ங்கிற இலவச மென்பொருள் விக்கிப்பீடியா மொத்தத்தையும் ஒரே கோப்பா சுருக்கிக் கொடுக்குது. ஒரு தடவை டவுனுக்குப் போய் அதை இறக்கிட்டு வந்தாப் போதும். பழைய லேப்டாப்லயோ, ராஸ்பெர்ரி பைங்கிற உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர்லயோ வச்சு 'கிவிக்ஸ்-செர்வ்'ங்கிறதை ஓட விட்டா அதுவே வெப் சர்வர் ஆயிடும். பக்கத்துல ஒரு வைஃபை ரவுட்டர். சிம் கார்டு வேண்டாம். தெருப் பிள்ளைங்க போனை அதுல இணைச்சு, பிரௌசர்ல லேப்டாப்போட எண்ணை அடிச்சா பக்கம் திறக்கும். ஆப்பிரிக்காவுல இன்டர்நெட் எட்டாத பள்ளிக்கூடங்கள்ல இப்படித்தான் படிக்கிறாங்க. தமிழ் விக்கிப்பீடியாவும் இப்படிக் கிடைக்குது. 2017-லேயே அது ஒரு லட்சம் கட்டுரை தாண்டிடுச்சு.

சோழர் வரலாறு அதுல இருக்கு. டி.ஏ.பி. இன்னைக்கு எந்தக் கடையில ஸ்டாக் இருக்குன்னு இல்ல. அது எந்த ஊர் விக்கிப்பீடியாவுலயும் இருக்காது. புதுச்சேரி கிராமங்கள்ல அந்த மாதிரி உள்ளூர்ச் சேதியைக் கேட்டுக் கேட்டு கம்ப்யூட்டர்ல ஏத்தினது சம்பளமில்லாத ஊர் ஆளுங்க, அதுல நிறையப் பேர் பொண்ணுங்க. நீங்க டவுன்ல இருந்து சர்வர் வாங்கிக் கொடுத்துடலாம். தட்டச்சு பண்ண ஆள்தான் நாங்க தேடணும்.