45 எழுத்து, 19 அசை: ஆங்கிலத்தின் மிக நீளமான நோய்ப் பெயருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் என்ன தொடர்பு?

நியூமோனோஅல்ட்ராமைக்ரோஸ்கோபிக்சிலிகோவால்கேனோகோனியோசிஸ். படிக்கும்போதே மூச்சு வாங்குதா? இது நுரையீரல் நோயின் பெயர்தான்.

பெயர் வந்தது எப்படி?

1935-ல் அமெரிக்காவின் தேசிய புதிர் கழகத் தலைவர் எவரெட் ஸ்மித், மிக நீளமான சொல் வேண்டும் என்றே இதை உருவாக்கினார். பின்னர் ஆங்கில அகராதிகளிலும் இடம்பிடித்தது. மருத்துவர்கள் இதைப் பயன்படுத்துவதில்லை. அவர்கள் எழுதுவது 'சிலிகோசிஸ்'.

பிரித்தால் ஈஸி

• நியூமோனோ - நுரையீரல்
• அல்ட்ரா மைக்ரோஸ்கோபிக் - கண்ணுக்கே தெரியாத அளவு நுண்ணிய
• சிலிகோ - மணலில் உள்ள சிலிகா
• வால்கேனோ - எரிமலை
• கோனி - தூசு
• ஓசிஸ் - நோய் நிலை

எங்கே அழுத்தணும்?

தமிழில் எல்லா அசைகளையும் ஏறக்குறைய சமமாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஓர் அசை தூக்கலாக ஒலிக்கும். 'ஓசிஸ்' என முடியும் நோய்ப் பெயர்களில் பெரும்பாலும் அந்த 'ஓ' மீதுதான் அழுத்தம். 19 அசையில் 18-வது அது. சி-லி-கோ-சிஸ் என்றால் 'கோ'. காசநோயைக் குறிக்கும் ட்யூபர்குலோசிஸ் என்றால் 'லோ'. ஆங்கிலத்தில் 'பி' எழுத்தில் தொடங்கினாலும், அந்த 'பி' ஒலிக்காது.

கும்மிடிப்பூண்டியில் ஏன் தெரிஞ்சிக்கணும்?

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியில் எரிமலை இல்லை. ஆனால் இரும்பு உருக்கும் ஆலைகள் உண்டு. உலைக்கு உள்பூச்சு போடும்போதும் உடைக்கும்போதும், வார்ப்பு மணலைக் கையாளும்போதும் சிலிகா தூசு பறக்கலாம். பல ஆண்டுகள் சுவாசித்தால் நுரையீரலில் தழும்பு விழும். அதை முழுமையாகக் குணப்படுத்த மருந்து இல்லை. காசநோய் வரும் ஆபத்தும் கூடும்.

இருமல், மூச்சுத்திணறல் இரண்டு நோயிலும் வருவதால், சிலிகோசிஸை காசநோய் என்றே நினைத்துவிடுவது உண்டு. டாக்டரிடம் போனால் "என்ன வேலை, எத்தனை வருஷம்" என்பதையும் சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டில் 'சிலிகோ', 'கோனி' என்ற துண்டுகள் இருக்கிறதா என்று பாருங்கள். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணையிலேயே சிலிகோசிஸ் தொழில்சார் நோயாக இடம்பெற்றது. வேலையால் வந்த நோய் என்று உறுதியானால், இழப்பீடு கேட்க வழி உண்டு. 45 எழுத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், இந்த இரண்டு துண்டு தெரிந்தால் போதும்.