கடந்தே ஆக வேண்டிய கோடு: கபடிக் களத்தின் ‘பாக் லைன்’ பற்றிய சொற்பொருள் ஆய்வு

ஆடுகளத்தில் கோடு என்றாலே தாண்டக் கூடாதது என்று நினைக்கப் பழகியிருக்கிறோம். கபடியின் ‘பாக் லைன்’ இதற்கு நேர்மாறு, தாண்டாவிட்டால்தான் அவுட். இச்சொல்லைத் தமிழில் எல்லையின் பெயராக அல்ல, கடமையின் பெயராகவே கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் விதி. ஆடவர் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் லைன், அதற்கு 1 மீட்டர் அப்பால் போனஸ் லைன், 6.5 மீட்டரில் கடைக்கோடு. பாடிப் போகிறவர் எவரையும் தொடாமல் திரும்புவதானால், 30 நொடிக்குள் ஒருமுறையாவது பாக் லைனைக் கடந்திருக்க வேண்டும். கோட்டுக்கு அப்பால் ஒரு கால் ஊன்றும்போது பின்கால் அந்தரத்தில் இருந்தால்தான் கடந்ததாகக் கணக்கு. போனஸ் லைன் வேறு வகை. எதிரணியில் 6 பேராவது நிற்கும்போது அதைக் கடந்தால் ஒரு புள்ளி, கடக்காவிட்டால் நட்டமில்லை. ஆக, கடைக்கோடு தடை, போனஸ் லைன் ஆசை, பாக் லைன் கடன்.

விருதுநகர், சிவகாசி வட்டாரக் கரிசல் ஊர்களில் களம் போடுவதைக் கவனித்தால் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். பட்டாசு ஆலை வேன்கள் ஊர் திரும்பிய பின், முளைக்குச்சிகளில் கயிறு கட்டி, ஓட்டை போட்ட தகர டப்பாவால் சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டே போவார்கள். வெயிலில் வெடித்த கரிசலில் பாதிச் சுண்ணாம்பு வெடிப்புக்குள் இறங்கிவிடும். நாலைந்து ரெய்டு போனதும் மிதிபட்டுக் கலைவது பாக் லைன். பக்கக்கோடு வெள்ளை மாறாமல் கிடக்கும். கோடு கலைந்த இடத்தில்தான் நடுவரோடு வாக்குவாதமும் நடக்கும்.

சொல்லுக்கு வருவோம். ‘பாக்’ என்பது ஆங்கிலத்தின் பழைய உழவுச் சொல். உழாமல் விட்ட மண்வரப்பைக் குறித்தது, பிறகு தடை என்றாகி, பில்லியர்ட்ஸ் மேசைக் கோட்டுக்கும் பெயரானது. தமிழ்க் ‘கோடு’ம் வரைந்த கீற்றை மட்டும் குறித்த சொல்லன்று, குளத்தின் கரையும் கோடு, மலையின் உச்சியும் கோடு. இரு மொழியிலும் மேடிட்ட மண்ணே கோடாகியிருக்கிறது. வரப்பு நிலத்தைப் பிரிக்கிறது. நடந்து தாண்டவும் இடம் தருகிறது. ‘தடை’ என்ற பிற்காலப் பொருளை மட்டும் பிடித்துக்கொண்டால் பாக் லைனின் விதி விளங்காது. அதை ‘பேக் லைன்’ என்று கேட்கும் காதுக்கோ அது பின்கோடாகிவிடும். உண்மையில் பின்கோடு கடைக்கோடுதான்.

கடக்க வேண்டிய கோடு நமக்குப் புதிதா? பாண்டியில் கோட்டை மிதித்தால் ஆட்டம் போச்சு. கிளித்தட்டிலோ கோட்டின்மேல் ஆள் நின்று மறிக்க, அவர் கையில் சிக்காமல் கடப்பதே ஆட்டம். ஆகவே கோட்டைக் கடப்பது நம் ஆட்டங்களில் ஊறிய கருத்தே. பாக் லைன் கூட்டியது ஒன்றுதான்: கடப்பதை வெற்றி என்ற நிலையிலிருந்து குறைந்தபட்சக் கடமையாக இறக்கியது. நடுக்கோட்டருகே பாடி நின்று நேரத்தைக் கழிப்பவரை அது உள்ளே தள்ளுகிறது.

‘பாக் லைன் என்று சொன்னாலே எல்லாருக்கும் புரிகிறதே, தமிழ்ப்பெயர் எதற்கு?’ எனலாம். ஆடுகிறவருக்குப் புரிகிறது, கால் அதைப் பழகியிருக்கிறது. விதியை எழுத்தில் படிக்கும் பள்ளிப் பிள்ளைக்கு அந்த ஒலி எதையும் சொல்வதில்லை. ‘தடைக்கோடு’ என்றால் பொருள் தலைகீழாகும். ‘கடப்புக்கோடு’ என்பதே பொருந்தும். அப்படிச் சொல்லும்போது கடத்தலோடு கடப்பாடும் சேர்ந்தே காதில் விழுகிறது. சுண்ணாம்பு கலைந்த பிறகும் அந்தக் கடப்பாடு களத்தில் அப்படியே இருக்கிறது. நடுவரிடம் வாதாடுவதும் அதைப் பற்றித்தான்.