வாளியில் பிடித்த காற்று

கடலூரில் உப்பனாற்றங்கரையில் 1980-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. பூச்சிமருந்து, சாயம், மருந்துப் பொருள் என ரசாயன ஆலைகள் வரிசையாக எழுந்தன. குடிகாடு, ஈச்சங்காடு போன்ற ஊர்கள் அவற்றுக்கு அண்டை வீடுகளாயின. திடீரென்று அழுகிய முட்டை நாற்றம் வரும். கண் எரியும், தொண்டை கரகரக்கும், தலை சுற்றும். புகாரை விசாரிக்க யாராவது வந்து சேர்வதற்குள் காற்று திசை மாறிவிடும். சாட்சியும் அதோடு போய்விடும்!

2004-ல் அவ்வூர் மக்களே கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். எந்த நேரம், என்ன வாடை, காற்று எந்தப் பக்கமிருந்து, உடம்புக்கு என்ன செய்தது என்று நோட்டில் குறித்தார்கள். அவர்களின் கருவி ஒரு பிளாஸ்டிக் வாளி. 1990-களில் கலிபோர்னியாவில் ஒரு சுத்திகரிப்பு ஆலையின் வாயுக்கசிவுக்குப் பின் உருவான யோசனை அது. வாளிக்குள் ஒரு காலிப் பை இருக்கும். மூடியை இறுக்கி, வாளிக்குள் இருக்கும் காற்றை பம்ப் வைத்து உறிஞ்சினால், வெளிக்காற்று பைக்குள் புகுந்து நிரம்பும். சில நிமிட வேலைதான். நாற்றம் அடிக்கும்போதே பிடிக்கலாம் என்பதுதான் இதன் முழுப் பெருமையும். அமெரிக்க ஆய்வகத்துக்குப் போன பைகளில் 20-க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் இருந்தன. சில புற்றுநோய் உண்டாக்குபவை.

அரசின் அளவுகோல் வேறு மாதிரியானது. 2009-ல் திருத்தப்பட்ட தேசிய காற்றுத் தர அளவுகளில் 12 மாசுகள் உள்ளன. அழுகிய முட்டை வாடைக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடு அதில் இல்லை. ஒரு மணி நேர வரம்பு ஓசோனுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் மட்டுமே உண்டு. மற்றவற்றுக்கு 24 மணி நேர அல்லது ஆண்டு சராசரிதான். பத்து நிமிடம் மூச்சடைக்க வைத்த வாயு, நாள் முழுவதற்கும் பங்கு போட்டால் காணாமலே போய்விடும்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் ஓர் உர ஆலையின் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம் மக்கள் இருட்டில் வீட்டை விட்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலை வாசலில் அளந்தபோது கனமீட்டருக்கு 2090 மைக்ரோகிராம். 24 மணி நேர வரம்பு 400, அதாவது ஐந்து மடங்கு. ஆனால் விபத்து நேரங்களுக்கென அமெரிக்காவில் வகுத்த குறுகியகால அளவுகோலில் அம்மோனியாவுக்கு முதல் எச்சரிக்கைப் படி 30 பி.பி.எம். வாசலில் கிடைத்ததோ சுமார் 3 பி.பி.எம். தான். ஒரே எண், ஒரு கணக்கில் ஆபத்து, இன்னொரு கணக்கில் பத்தில் ஒரு பங்கு! வாயு ஊருக்குள் புகுந்த முதல் நிமிடங்களில் அந்த மக்கள் எவ்வளவு சுவாசித்தார்கள் என்பதை வாசலில் எடுத்த அந்த எண் சொல்லவில்லை.